எதிர்வீட்டுக் கொப்பியில் எங்கள் கலியாண நாள்

நாங்கள் இருக்கும் இடத்தை ஊர் என்று சொல்லலாமா என்பது எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. டென்மார்க்கில், விபோர்க் நகரத்திலிருந்து காரில் இருபது நிமிடம். வயலுக்கு நடுவே ஒரு தார் வீதி, அதன் இரண்டு பக்கமும் பதினொரு வீடுகள். அவற்றில் இப்போது ஆட்கள் இருப்பது ஏழில். கடை இல்லை. பள்ளிக்கூடத்தை நாங்கள் வருவதற்கு முன்பே மூடிவிட்டார்கள். யாரோ அதற்குள் பழைய கார்களை அடைத்து வைத்திருக்கிறார். தேவாலயம் அடுத்த ஊரில். பஸ் பள்ளிக்கூட நாட்களில் மட்டும் வரும், காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. நகரசபையின் கணக்கில் நாங்கள் நகரமுமில்லை, கிராமமுமில்லை, வரைபடத்தில் ஒரு பெயர் அவ்வளவுதான். பனி கொட்டினால் பன்றிப்பண்ணைக்காரர் தன் உழவு இயந்திரத்தில் வந்து வழி திறந்துவிடுவார். அவர் படுத்துவிட்டால் நாங்களும் வீட்டில்தான்.

இங்கே வீடு வாங்கியபோது விபோர்க்கிலிருந்த எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். "உங்களுக்கென்ன விசரே? சனமில்லாத இடத்தில போய் என்ன செய்யப்போறியள்?" என்று ஒரு அக்கா கோயிலில் வைத்தே கேட்டார். வீடு மலிவு, அதுதான் காரணம். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, "பிள்ளைக்கு நல்ல காத்து" என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அந்த நல்ல காற்றின் அழகு, வசந்தம் தொடங்கி வயலுக்குப் பன்றிக் கழிவுத் தண்ணீர் அடிக்கும்போதுதான் தெரியும். யன்னலைப் பூட்டினாலும் சோற்றில் மணக்கும். வந்து இருபத்தொரு வருஷம். விற்கலாம் என்றால் வாங்க ஆளில்லை. ஆள் வந்தாலும் இப்படிப்பட்ட இடத்து வீட்டுக்கு வங்கி கடன் கொடுக்க யோசிக்கிறது. ஆகவே இருக்கிறோம்.

இந்த நாட்டின் நாட்டுப்புறத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு தம்பதிக்குக் கலியாணமாகி இருபத்தைந்து வருஷமானால், அயலவர்கள் சேர்ந்து அவர்களின் வாசலுக்குப் பச்சை வளைவு கட்டுவார்கள். மரச்சட்டத்தில் ஊசியிலை மரக் கொப்புகளை நெருக்கி வைத்து, கம்பியால் இறுக்கி, இடையிடையே கடதாசி ரோசாப்பூக் குத்தி, உச்சியில் வெள்ளிக் கடதாசியில் 25 என்று வெட்டி ஒட்டுவார்கள். ஐம்பது என்றால் பொன் கடதாசி. முதல்நாள் பின்னேரம் வளைவைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்துவார்கள். அந்த நேரம் வீட்டுக்காரர் திரைச்சீலையை இழுத்துவிட்டு, சுத்தியல் சத்தம் காதில் விழாத மாதிரி உள்ளே இருக்க வேண்டும். மறுநாள் காலை ஆறரைக்கு எல்லோரும் வந்து வாசலில் நின்று பாடுவார்கள். வீட்டுக்காரர் படுக்கைச் சட்டையோடு கதவைத் திறந்து ஆச்சரியப்பட வேண்டும். ஆச்சரியப்பட்ட கையோடு வந்தவர்கள் எல்லோருக்கும் பாண், வெண்ணெய், கோப்பி, சின்னக் கிளாசில் கசப்பு மது எல்லாம் மேசையில் வைக்க வேண்டும்.

நாங்கள் வந்த முதல் வருஷமே ஒரு வளைவுக்குக் கூப்பிட்டார்கள். டேனிஷ் எனக்கு அப்போது நாலு வசனம். கையில் ஒரு குறடும் கம்பிச் சுருளும் தந்து ஒரு வாங்கில் இருத்திவிட்டார்கள். பக்கத்தில் இருந்த பெண் என் கையைப் பிடித்து, ஒரு கொப்பின் காம்பை அடுத்த கொப்பின் நுனி மறைக்க வேண்டும் என்று காட்டித் தந்தாள். விரலெல்லாம் ஊசி குத்தி, பிசின் ஒட்டி, இரண்டு நாள் சோறு குழைக்க முடியவில்லை. அதோடு சேர்த்து இதுவரை எட்டு வளைவு கட்டிவிட்டேன். இப்போது இங்கே மிச்சமிருப்பவர்களில் என்னை விட நெருக்கமாகக் கட்டக்கூடியவர் ஒருவர்தான், அது எதிர்வீட்டுக்காரி.

எதிர்வீட்டுக்காரிக்கு எண்பத்துமூன்று வயது. புருஷன் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல். கடிகாரம் மாதிரி மனுஷி. ஏழு மணிக்குத் திரைச்சீலை திறக்காவிட்டால் நான் ஓடிப்போய்ப் பார்ப்பேன். ஒருவரின் வளைவுக்கு வாசலுக்கு மிகக் கிட்ட இருக்கும் அயல்வீடுதான் பொறுப்பு. எங்கள் வாசலுக்கு அவர்தான் கிட்ட.

வளைவு எல்லோருக்கும் கட்டுவதில்லை. இந்த இருபத்தொரு வருஷத்தில் இரண்டு வீடுகளுக்குக் கட்டவில்லை. பகையால் என்றில்லை, அவர்களின் நாள் யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை. அதனால்தான் எனக்கு அந்த வளைவு வேண்டியிருந்தது. சின்னப்பிள்ளைத்தனம் என்று சொல்லுங்கள், பரவாயில்லை. எட்டு வாசலுக்குக் கட்டிய கைக்குத் தன் வாசலில் ஒன்று பார்க்க ஆசை. விபோர்க் கோயிலில் நாங்கள் "காட்டுக்க இருக்கிறவை". இங்கே என்னவென்று தெரிய வேண்டாமா?

நான் வீட்டுப் பராமரிப்பு வேலை செய்கிறேன். வயதானவர்களின் வீடு வீடாகக் காரில் போய், கால் வீங்காமல் இருக்க இறுக்கமான காலுறை மாட்டி, மருந்து எடுத்துக் கொடுத்து, குளிக்க வார்த்து, அடுத்த வீட்டுக்கு ஓடும் வேலை. ஒவ்வொரு வீட்டுக்கும் இத்தனை நிமிடம் என்று கைத்தொலைபேசி சொல்லும். அந்த நிமிடத்துக்குள் அவர்கள் கதவுக்கு நடந்து வருவதே பெரிய பாடு. என் வலது தோளை மூன்று வருஷமாக மேலே தூக்க ஏலாது. கணவரை நாங்கள் மனிசர் என்போம். என் மனிசருக்குக் கதவு, யன்னல் செய்யும் தொழிற்சாலையில் காலை வேலை. நாலரைக்குப் போனால் பின்னேரம் வந்து கதிரையில் இருந்தபடியே நித்திரையாகிவிடுவார். நாங்கள் ஒருவரோடொருவர் கதைப்பது பெரும்பாலும் சாப்பாட்டுப் பெட்டிகளின் மூலம்தான். நான் நிரப்பி வைப்பேன், அவர் காலியாகக் கொண்டுவருவார், அதிலிருந்து அவருக்குச் சுகம் என்று தெரிந்துகொள்வேன்.

சித்திரையில் ஒருநாள் எதிர்வீட்டுக்காரி வேலியடியில் என்னை நிறுத்தினார். அவர் டேனிஷில் சொன்னதை என் வாயில் வருகிற மாதிரி எழுதுகிறேன்.

"மே மாதம் மூண்டாவது சனிக்கிழமை உனக்கு வேலையோ?"

"தெரியேல்ல. ஏன்?"

"சும்மா கேட்டனான். உன்னட்டைப் பெரிய கோப்பிக் குடுவை எத்தினை இருக்கு? ரண்டு போதாதே."

சும்மா என்று சொன்னவரின் காதுமடல் சிவந்திருந்தது. இதே கேள்விகளை இதே முகத்தோடு நானே எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன்! எனக்குத்தான் வளைவு. சந்தோஷத்தில் ஏதோ உளறிவிட்டு வீட்டுக்குள் வந்து, குசினியில் நின்று விரல் மடித்து எண்ணினேன். இன்னொரு முறை எண்ணினேன். இருபத்துநாலு கூட இன்னும் ஆகவில்லை. அதற்கே ஆடி வர வேண்டும்.

பிறகுதான் விளங்கியது, எங்கே பிசகினது என்று.

எங்களுக்குக் கலியாண நாள் இரண்டு இருக்கிறது. மனிசர் அப்போது அகதியாக வந்து டென்மார்க்கில் இருந்தார், நான் யாழ்ப்பாணத்தில். பெரியவர்கள் பேசி முடித்தபின் எழுத்து எழுத அவர் கொழும்புக்கு வந்தார். எழுத்து என்று நாங்கள் சொல்வது பதிவுக் கலியாணத்தை. அது மே மாதம், விடாத மழை. பதிவு அலுவலகத்தில் ஒரு வாங்கில் இரண்டு மணித்தியாலம் காத்திருந்தோம், நடுவில் என் பெரியம்மா. மனிசர் அடிக்கடி மணிக்கூட்டைப் பார்த்தார். இந்த மனுஷனுக்கு என்ன அவசரம் என்று எனக்குக் கோபம். மூன்று இடத்தில் கையெழுத்து. வெளியே வந்து கடையில் ரோல்சும் பிளேன்ரீயும். நாலாம் நாள் அவர் விமானம் ஏறிவிட்டார். எனக்கு விசா வர ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆனது. நான் இங்கே வந்த கையோடு ஆடி மாதம் சில்க்போர்க்கில் ஒரு விளையாட்டு மண்டபத்தை வாடகைக்கு எடுத்துத் தாலி கட்டினார். மணவறைக்கு மேலே கூடைப்பந்து வளையம் தொங்கும் படம் இன்னும் இருக்கிறது. எங்கள் ஆட்களைப் பொறுத்தவரை அன்றைக்குத்தான் கலியாணம். எழுத்து என்பது விசாவுக்கு எடுத்த ஒரு கடதாசி. மகள் வளர்ந்த பிறகு வருஷா வருஷம் கேக் வெட்டியதும் ஆடியில்தான்.

ஆனால் எதிர்வீட்டுக்காரியின் கணக்கில் இந்த மே மாதத்தோடு இருபத்தைந்து. எப்படி என்று பார்க்க, முட்டை இருக்கிறதா என்று கேட்கிற சாட்டில் அவர் வீட்டுக்குப் போனேன். அவரிடம் ஒரு கறுப்புக் கொப்பி உண்டு. இந்தப் பதினொரு வீட்டின் பிறந்தநாள், கலியாண நாள் எல்லாம் அதில் இருக்கும். நான் நைசாகக் கதையை அங்கே திருப்ப, அவர் பெருமையாக மேசை லாச்சியைத் திறந்து எடுத்துக் காட்டினார். எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம். மே மாதத் தேதி, பென்சிலில்.

"உன்ர மனிசன்தான் சொன்னவர். நீங்கள் வந்த வருஷம் ஏணி கேட்டு வந்தவர். இருத்திக் கோப்பி குடுத்துக் கேட்டன். உடனை சொல்லிப்போட்டார். என்ர மனிசனுக்கு எங்கட நாளே சரியா ஞாபகமில்லை, தெரியுமோ!"

அன்று பின்னேரம் மனிசர் செருப்பைக் கழற்றும் முன்பே பிடித்தேன்.

"எதிர்வீட்டு மனிசிக்கு எங்கட கலியாண நாள் எண்டு எழுத்து எழுதின நாளைச் சொன்னீங்களே?"

"கேட்டவ. சொன்னனான்."

"அது எங்கட கலியாண நாளே?"

அவர் கை கழுவப் போனார். எனக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன். அகதியாக வந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. முகாம், பொலிஸ், குடிவரவு அலுவலகம், வரி அலுவலகம் என்று வருஷக்கணக்காகப் பதில் சொல்லி, கையில் பேனையோடு யார் கேட்டாலும் அது அலுவலகம்தான் அவர்களுக்கு. கடதாசியில் உள்ளதைத் தவிர வேறு எதுவும் வாயில் வராது. கோப்பி ஊற்றிக் கொடுத்த ஒரு அயல்வீட்டு மனுஷிக்கும் இவர் குடிவரவு அதிகாரிக்குச் சொல்கிற பதிலைச் சொல்லியிருக்கிறார். பென்சிலைக் கண்டதும் பயந்துவிட்டார் போல.

"அவவுக்குச் சொல்லவேணும். பிழையான நாளெண்டு," என்றேன்.

"உமக்குச் சொல்லவேணுமெண்டால் சொல்லும்," என்றார். சாப்பிட்டார், கதிரையில் சாய்ந்தார், நித்திரை.

சொல்வதில் என்ன கஷ்டம்? ஒரு வசனம். அடுத்த வருஷம் ஆடியில்தான் இருபத்தைந்து என்று சொன்னால் அவர் அழித்து எழுதிவிடுவார், பென்சில்தானே. கஷ்டம் என்னவென்றால், அடுத்த வருஷம் ஆடியில் அவர் இங்கே இருக்கமாட்டார். இலையுதிர் காலத்தோடு விபோர்க்கில் முதியோர் இல்லத்துக்குப் போகிறார். இடம் கிடைத்துவிட்டது. அவர் போனால் எங்களுக்கு யார் கட்டுவது? ஆட்கள் இருக்கிற ஏழு வீட்டில், ஒன்றில் விடியற்காலை போய் இருட்டில் வரும் இளம் சோடி. ஒன்றில் பண்ணையில் வேலை செய்யும் ருமேனியர்கள், அவர்களும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு வளைவு இல்லை. சொல்லாமல் விட்டால், எட்டுப் பேருக்கு நேர்மையாகக் கட்டிய வளைவை நான் பொய் நாளுக்கு வாங்கிக்கொள்கிறேன். வேலைக்குப் போகிற வழியெல்லாம் இதே யோசனை. யாருடைய காலுறையையோ கழற்றும்போதும் இதே யோசனை.

இதற்குள் இன்னொரு பயம். யாராவது படம் எடுத்து முகநூலில் போட்டு, அது விபோர்க்கில் எங்கள் ஆட்களின் கண்ணில் பட்டால்? "உங்கட கலியாணம் ஆடியிலயல்லோ? நாங்கள் வந்து சாப்பிட்டனாங்களே!" என்று கோயிலில் வைத்துக் கேட்க அந்த அக்கா ஒருவரே போதும்.

முதல் முறை சொல்லத் துணிந்து போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொஞ்சம் கட்லட் பொரித்து எடுத்துக்கொண்டு போனேன். எதிர்வீட்டுக்காரி மேசையில் கடதாசி ரோசாப்பூச் செய்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பத்திரிகையை எடுத்து அதை மூடினார், ஆனால் மேசை நிறைய வெள்ளைப்பூ, எதை மூடுவது? அவருடைய விரல்கள் முடிச்சுப் போட்ட மாதிரி வளைந்து போயிருக்கும். ஒரு பூவுக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அது என் தொழில், நிமிடம் எண்ணுவது. கட்லட்டை வைத்துவிட்டு மழை வரப்போகிறது என்று சொல்லி வந்துவிட்டேன். வானம் வெளித்திருந்தது.

இரண்டாம் முறை பன்றிப்பண்ணைக்காரரிடம் போனேன். அவரிடம் சொன்னால் அவர் பக்குவமாக அந்த மனுஷிக்குச் சொல்வார் என்று கணக்குப் போட்டேன். அவர் இயந்திரக் கொட்டிலில் வளைவின் சட்டத்தை வைத்துத் திருத்திக்கொண்டிருந்தார். எல்லா வளைவுக்கும் ஒரே சட்டம்தான். ஆணி அடித்து அடித்துப் பலகையெல்லாம் ஓட்டை. என்னைக் கண்டு அவரும் கொஞ்சம் வெட்கப்பட்டுத் தார்ப்பாயை இழுத்தார்.

"புதுசா ஒண்டு செய்யலாமே?" என்று கேட்டு வைத்தேன், கதையைத் தொடங்க.

"இது போதும். இதுக்குப் பிறகு ஆருக்குக் கட்டப்போறம்?" என்றார்.

கோபமோ கவலையோ இல்லாமல், பசுவின் வயது சொல்கிற மாதிரிச் சொன்னார். நான் நின்று அந்த ஏழு வீட்டையும் மனதுக்குள் சுற்றி வந்தேன். உண்மைதான். கலியாணமே கட்டாமல் இருக்கிறவர்கள், தனியாக இருக்கிறவர்கள், போகப்போகிறவர்கள். எங்களோடு முடிகிறது. ஆணி கொஞ்சம் இருக்கிறதா என்று கேட்டு, தேவையில்லாத ஆணிகளை ஒரு போத்தலில் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அன்றிரவு எட்டு மணிக்கு மகளுக்குத் தொலைபேசி அடித்தேன். அவள் ஓல்போர்க்கில் படிக்கிறாள். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் வழக்கம்போல டேனிஷில் பதில் சொன்னாள். முதலில் நன்றாகச் சிரித்தாள். பிறகு, சட்டப்படி மே மாதம்தானே கலியாணம், இதில் என்ன பொய் என்று கேட்டாள்.

"சட்டத்தை நீயே வைச்சிரு. தாலி கட்டினது எப்ப?"

அந்தத் தாலியை உங்கள் கழுத்தில் கண்டதே குறைவு என்றாள். எனக்குச் சுருக்கென்றது. வேலைக்குப் போட்டுக்கொண்டு போக விடமாட்டார்கள்; கழற்றிக் கழற்றி, ஒருநாள் அலுமாரியில் வைத்தது அங்கேயே இருக்கிறது. அதை அவளுக்கு விளக்க எனக்குத் தெம்பு இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை வாறியோ என்று மட்டும் கேட்டேன். சோதனை இருக்கிறது, வர ஏலாது, படம் அனுப்புங்கள் என்றாள்.

அப்படியே மே வந்தது. வயலெல்லாம் மஞ்சள் பூ. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து எழுபது சின்னப் பாண் சுட்டேன், இடது கையால் மாப்பிசைந்து. மனிசர் கோப்பிக் குடுவைகளைக் கழுவி வரிசையாகக் கவிழ்த்து வைத்தார். நான் சொல்லாமலே செய்தார், அதை அப்போது பெரிதாக நினைக்கவில்லை. ஆறு மணிக்குத் திரைச்சீலையை இழுத்துவிட்டு இருவரும் குசினியில் இருந்தோம். வெளியே உழவு இயந்திரம் வந்து நின்றது. ஏணி சாத்தும் சத்தம். சுத்தியல். எதிர்வீட்டுக்காரியின் குரல், இன்னும் இடதுபக்கம், இன்னும் கொஞ்சம், என்று. ஒருமுறை யாரோ எங்கள் பூந்தொட்டியை உடைத்தார்கள், "ஷ்ஷ்" என்றார்கள். ஈர ஊசியிலை மணம் கதவிடுக்கால் உள்ளே வந்தது.

எழுந்து கதவைத் திறந்து சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் கதிரையிலிருந்து எழும்பினேன். இரண்டு தரமும் மனிசர் நிமிர்ந்து பார்த்தார். நான் இருந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. களைப்பாகவும் இருந்தது. ஒரு கட்டத்துக்கு மேல் களைத்த மனுஷர் சரி பிழை பார்ப்பதில்லை, எது கிட்ட இருக்கிறதோ அதில் விழுந்துவிடுவார்கள்.

காலை ஐந்து மணிக்கே வெளிச்சம். இருவரும் எழும்பி, முகம் கழுவி, தலை சீவி, பிறகு படுக்கைச் சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டோம். அவர் அலுமாரியிலிருந்து புதுச் சாரம் எடுத்து உடுத்தியிருந்தார். மேசையில் எல்லாம் தயார். ஆறரைக்குச் சரியாகச் சரளைக் கல்லில் கால்சத்தம். எதிர்வீட்டுக்காரியின் தள்ளுவண்டியின் சில்லுச் சத்தம். யாரோ தொண்டையைச் செருமினார்கள். பாட்டு தொடங்கியது.

பாட்டு முடியும் வரைக்கும் கதவைத் திறக்கக்கூடாது. நாங்கள் நடைக்குள், கதவுக்கு இந்தப் பக்கம், பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். கதவுக் கண்ணாடியில் பச்சை நிழல். பாடியவர்கள் பதினைந்து பேர் இருக்கலாம், அடுத்த ஊரிலிருந்தும் ஆளெடுத்திருக்கிறார் மனுஷி. சுருதி என்று ஒன்றும் இல்லை, ஆனால் எல்லோரையும் விடப் பின்னால் வந்த அந்த நடுங்குகிற குரல் யாருடையது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தாங்கவில்லை.

"இவையள் போகேக்க நான் அவவுக்குச் சொல்லத்தான் போறன்," என்று குசுகுசுத்தேன். "பொய் சொல்லி வாங்கின மாதிரிக் கிடக்கு. நீங்கள் அண்டைக்கு ஒழுங்காச் சொல்லியிருந்தால் இவ்வளவும் வந்திராது."

"நான் ஒழுங்காத்தான் சொன்னனான்," என்றார்.

"என்ன ஒழுங்கு? கடதாசியில இருந்ததைச் சொன்னீங்கள்."

அவர் கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். இவ்வளவு நீளமாக அவர் கதைத்துப் பல வருஷம்.

"எழுத்து எழுதிப்போட்டுத் திரும்பி வந்து, இஞ்ச எல்லாருக்கும் நான் கலியாணம் கட்டினவன் எண்டுதான் சொன்னனான். அறையில இருந்த பெடியளை விட்டிட்டு வேற வீடெடுத்தன். ரண்டு பேருக்கெண்டு சட்டி பானை வாங்கினன். பின்னேரத்தில நீர் இஞ்ச இருக்கிற மாதிரிக் கதைச்சும் இருக்கிறன், சிரிக்காதையும். பதினாலு மாசம் நான் தனியக் கலியாணம் கட்டி இருந்தனான். அதைக் கழிக்கச் சொல்லுறீரோ?"

நான் சிரிக்கவில்லை. அந்தப் பதினாலு மாதமும் நான் கொழும்பில் பெரியம்மா வீட்டில் இருந்தேன். கேட்டவர்களுக்கெல்லாம், "கலியாணம் இன்னும் இல்லை, எழுத்து மட்டும்தான் முடிஞ்சது" என்று சொன்னேன். பக்கத்து வீட்டுப் பெட்டைகளோடு படம் பார்க்கப் போனேன். அவர் போட்ட கடிதங்களுக்கு இரண்டுக்கு ஒன்று பதில் போட்டேன். அங்கே ஒரு மனுஷன் என்னோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. இருபத்துநாலு வருஷமாக அந்த நாளை நான் கணக்கில் எடுக்கவில்லை, கேக் வெட்டும்போது அவரும் வந்து ஆடியிலேயே வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

வெளியே பாட்டு முடிந்துவிட்டது. யாரோ இருமினார்கள். அவர் தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். உள்ளபடியே என் பதிலுக்காகத்தான் நின்றார்.

"கழிக்க வேண்டாம்," என்றேன்.

அவர் கதவைத் திறந்தார்.